விண்டோஸ் விளையாட்டு, லினக்ஸ் பொட்டி, சித்தி மகன்

தீபாவளிக்கு பொதிகையில் ஊருக்கு வந்து இறங்கின அன்னைக்கே குற்றாலம் போகணும்னு திட்டம். ஆனா மெயின் அருவியில ஆர்ச்சைத் தாண்டி தண்ணி விழுது, குளிக்கத் தடைன்னு சொல்லிட்டாங்க. ஐந்தருவியும் அதே கதை. சரி, சித்தி வீட்டுலயாவது போய் உக்காருவோம்னு போனேன். சொந்த செலவில் சூனியம் வச்சுக்கிறதுங்கறது இதுதான் :-)

"வாய்யா, நீ வந்தது நல்லதாப் போச்சு. இவன் லேப்டாப்பத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். என்னன்னு பாரு."

பொட்டி தட்டுற வேலையில இருக்கறவனுக்கு ஊர்ல என்ன மரியாதைன்னு உங்களுக்குத் தெரியும். ஃபேன் ஓடலைன்னாலும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க. ஆனா இது நியாயமான கேள்வி. தம்பி இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அவன் லேப்டாப் செகண்ட் ஹேண்டுல வாங்கினது, ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 முறைப்படி வேணும்னா இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும், டிபிஎம் 2.0 இருக்கணும். ஆக, நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷின் ஒரு தேதியில "பழசு" ஆயிடுச்சு.

சித்தி பீடி சுத்துறாங்க. அந்த லேப்டாப்பே பீடிக் கூலியில சேர்த்து வச்சு, மகளிர் குழுவுல கொஞ்சம் கடன் வாங்கி, வாங்கினது. இன்னொரு அம்பதாயிரம்னா எத்தனை ஆயிரம் பீடின்னு கணக்குப் போட்டுப் பாருங்க. அதனால "புதுசு வாங்கிருங்க சித்தி"ன்னு சொல்லிட்டு எஸ்கேப் ஆக மனசு வரல.

"லினக்ஸ் போட்டுருவோம்ல"ன்னேன்.

"அண்ணே, கேம் ஓடாதே."

இதுக்குத்தான் இந்தப் பதிவு. இந்தக் கேள்விக்கு லினக்ஸ்காரங்க (நானும்தான்) இத்தனை வருஷமா ரெண்டு பதில் சொல்லிக்கிட்டு இருக்கோம். ஒண்ணு, "விளையாட்டு எல்லாம் எதுக்கு, படிக்கிற வேலையப் பாரு". இன்னொண்ணு, "இப்பல்லாம் எல்லாமே ஓடும்". ரெண்டுமே தப்பு. முதல் பதில் திமிர், ரெண்டாவது பொய்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க அக்காவுக்கு 2012-ல் அரசாங்கத்தோட இலவச லேப்டாப் கிடைச்சுது. அதுல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கின நம்ம நாட்டு லினக்ஸ். நான் அப்ப ஸ்கூல் பையன். அதுக்குள்ள போய் வைஸ் சிட்டி சிடியை டபுள் கிளிக் பண்ணிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. அடுத்த வாரமே அந்தப் பார்ட்டிஷனை அழிச்சு, அந்த இடத்துல ரெண்டு கேம் போட்டோம். எங்க தெருவுல அந்த லேப்டாப் வந்த வீட்டுல எல்லாம் இதே கதைதான். லினக்ஸ் நம்ம கைக்கே வந்துச்சு, அதுவும் இலவசமா. ஒரு டபுள் கிளிக் வேலை செய்யாததால தூக்கிப் போட்டோம். விளையாட்டுங்கறது சின்ன விஷயம்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

அன்னைக்கு ஏன் ஓடல, இன்னைக்கு ஏன் ஓடுது?

வைன்னு ஒரு திட்டம் 1993-லயே ஆரம்பிச்சது. 1994-ல் இருந்து அலெக்சாண்டர் ஜூலியார்ட் அதை நடத்திட்டு வர்றார். 1.0 பதிப்பு வர்றதுக்கு 2008 ஆயிடுச்சு. பதினஞ்சு வருஷம்! அது இன்னொரு கம்ப்யூட்டரைப் போலி பண்ற எமுலேட்டர் இல்லை. விண்டோஸ் புரோகிராம் "எனக்கு இந்த ஃபைலைத் திற, இந்த விண்டோவை வரை"ன்னு கேக்கும்போது, அதை லினக்ஸுக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்ற மொழிபெயர்ப்பாளர். ப்ராசஸர் அதே ப்ராசஸர்தான். அதனாலதான் வேகம் பெரிசா அடிவாங்குறதில்லை.

பிரச்சினை இருந்தது கிராஃபிக்ஸ்ல. டைரக்ட்3டி மைக்ரோசாஃப்டோட சொந்தச் சரக்கு. அதை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாத்தும்போது நொண்டியடிக்கும். அப்புறம் வல்கன் வந்தது. பிலிப் ரெபோலேங்கறவர் தான் ஆட ஆசைப்பட்ட ஒரு விளையாட்டுக்காக, நியர் ஆட்டோமேட்டான்னு பேரு, டைரக்ட்3டி 11-ஐ வல்கனுக்கு மாத்துற டிஎக்ஸ்விகே-ங்கறதை எழுத ஆரம்பிச்சார். ஒரு மனுஷன், ஒரு விளையாட்டு, ஒரு பிடிவாதம். வால்வ் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கிட்டு, கோட்வீவர்ஸோட கூட்டு வச்சு, வைனையும் இதையும் கட்டி 2018 ஆகஸ்ட்ல புரோட்டான்னு ஸ்டீமுக்குள்ளயே வச்சது. 2022-ல் ஸ்டீம் டெக் வந்தப்ப அதுல ஓடினதும் லினக்ஸ்தான். விண்டோஸுக்கு எழுதின விளையாட்டு லினக்ஸ்ல ஓடணும்ங்கறது அப்பதான் ஒரு கம்பெனிக்கு காசு சம்பந்தப்பட்ட விஷயமாச்சு.

"இப்படி மொழிபெயர்த்துக்கிட்டே இருந்தா லினக்ஸுக்குன்னு யாரும் விளையாட்டு எழுத மாட்டாங்களே"ன்னு ஒரு பழைய வாதம் இருக்கு. எனக்கும் ஒரு காலத்துல அதே கருத்துதான். ஆனா வரலாறு என்ன சொல்லுது? லோகிங்கற கம்பெனி 1998-ல் ஆரம்பிச்சு, விளையாட்டுகளை லினக்ஸுக்கே மாத்தி வித்தது. 2002-ல் மூடிட்டாங்க. வால்வே 2015-ல் ஸ்டீம் மெஷின்னு கொண்டு வந்தப்ப, "எல்லாரும் லினக்ஸுக்கு எழுதுங்க"ன்னு கேட்டுப் பார்த்தாங்க. எடுபடல. ஆளே இல்லாத ஊர்ல டீக்கடை வைங்கன்னா எவன் வைப்பான்? புரோட்டான் வந்த பிறகுதான் ஆள் வந்தது. 2025 அக்டோபர்ல ஸ்டீம் எடுத்த கணக்குல லினக்ஸ்காரங்க மூணு சதவீதத்தைத் தாண்டினாங்க. மூணு ஒண்ணும் பெரிய நம்பர் இல்லைதான். ஆனா ஒரு சதவீதத்துக்கே பல வருஷம் முக்கிக்கிட்டு இருந்த ஆளுங்க நாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். எதைத் தேர்ந்தெடுக்கறது?

குற்றாலத்துல சீசன் டைம்ல ஆட்டோக்கார அண்ணாச்சிகிட்ட "எந்த அருவி நல்லா இருக்கும்?"னு கேட்டுப் பாருங்க. நல்ல அண்ணாச்சின்னா பதிலுக்கு ஒரு கேள்வி கேப்பாரு: "யார் யார் வந்திருக்கீக?" சின்னக் குழந்தை இருந்தா புலியருவி. வாலிபப் பயலுகளா இருந்தா மெயின் அருவி. செண்பகாதேவின்னு கேட்டா, "மலை ஏறணும், வனத்துறை விடணும்"னு உண்மையைச் சொல்லிருவாரு. எது சிறந்த அருவின்னு அவர் பட்டிமன்றம் நடத்துறதே இல்லை.

நாமளும் அப்படித்தான் கேக்கணும். என்ன ஆடறே? யாரோட ஆடறே? இது தெரியாம வைனா, புரோட்டானா, டூயல் பூட்டான்னு பேசறது வெட்டிப் பேச்சு.

தம்பியை ஒரு பேப்பர்ல எழுதச் சொன்னேன். அஞ்சு விளையாட்டு எழுதினான். அதை வச்சே சொல்றேன்.

தனியா ஆடற விளையாட்டு, ஸ்டீம்ல வாங்கினது: புரோட்டான். வேற எதையும் யோசிக்காதீங்க. இன்ஸ்டால், ப்ளே, அவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடி புரோட்டான்டிபி தளத்துல அந்த விளையாட்டோட பேரைப் போட்டுப் பாருங்க. பிளாட்டினம், கோல்டுன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம். ப்ரான்ஸ்னா உங்க பொறுமையப் பொறுத்தது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஏற்கனவே விண்டோஸ் டிரைவ்ல இருக்கற விளையாட்டை அப்படியே அங்கிருந்தே ஓட்டிரலாம்னு எல்லாருக்கும் ஆசை வரும். அது என்டிஎஃப்எஸ். புரோட்டானுக்கும் அதுக்கும் ஒத்துவராது, விதவிதமா மக்கர் பண்ணும். லினக்ஸ் பார்ட்டிஷன்லயே இறக்கிக்கோங்க.

ஜிஓஜி, எபிக் மாதிரி வேற கடையில வாங்கினது: ஹீரோயிக் லாஞ்சர். லூட்ரிஸும் உண்டு. உள்ளே ஓடறது அதே வைன், அதே டிஎக்ஸ்விகேதான்.

பழைய சிடி சரக்கு: இங்கதான் வைன் நிஜமாவே ஜெயிக்கும். தொண்ணூறுகளோட விளையாட்டுகள்ல பலதுக்கு இன்ஸ்டாலர் 16-பிட். 64-பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. வைன்ல இன்னும் வழி இருக்கு. பாட்டில்ஸ்ங்கற மென்பொருள் வச்சு ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி டப்பா வச்சுக்கலாம். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கெடாது.

ரொம்பப் பழைய மெஷினா இருந்தா ஒரு விஷயம் பாத்துக்கோங்க. புது டிஎக்ஸ்விகே-க்கு வல்கன் 1.3 வேணும். நாலாம் தலைமுறை இன்டெல், அதுக்கும் முந்தினதுன்னா அது ஒழுங்கா இருக்காது. அந்த மெஷின்ல பழைய விளையாட்டை வைனோட ஓப்பன்ஜிஎல் வழியில ஓட்டிக்கலாம். புது விளையாட்டை மறந்துருங்க. விண்டோஸ்லயும் அது ஓடப் போறதில்லை.

வெர்ச்சுவல் மெஷின்: விளையாட்டுக்கு வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டை அப்படியே உள்ளே தூக்கிக் கொடுக்கற வித்தை இருக்கு. அதுக்கு பொதுவா ரெண்டு கார்டு வேணும், அதுக்கேத்த மதர்போர்டு வேணும், ரெண்டு வாரம் லீவு வேணும். நான் பண்ணிப் பார்த்திருக்கேன். அந்த ரெண்டு வாரத்துல விளையாடினது மொத்தம் நாப்பது நிமிஷம் :-(

இப்ப அந்த அஞ்சாவது விளையாட்டு. தம்பியும் அவன் காலேஜ் செட்டும் ராத்திரி சேர்ந்து ஆடற ஆன்லைன் சண்டை. திருட்டாட்டம் ஆடறவனைப் பிடிக்க அதுல ஒரு காவல்காரன் இருக்கான். அவன் விண்டோஸோட கெர்னலுக்குள்ளயே உக்காருவான். வைன் மொழிபெயர்க்கறது மேல்மாடியில நடக்கற பேச்சை மட்டும்தான். அடித்தளத்துல உக்காரணும்னு அடம்பிடிக்கறவனுக்கு லினக்ஸ்ல இடமே இல்லை.

ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லயே புரோட்டானுக்கு வழி செஞ்சு கொடுத்தாங்க. ஆனா திறந்து விடறதா வேண்டாமாங்கறது அந்தந்த விளையாட்டுக் கம்பெனி முடிவு. அந்த முடிவு எந்த நிமிஷமும் மாறலாம். ஜிடிஏ ஆன்லைன்ல 2024 செப்டம்பர்ல பேட்டில்ஐ வந்தது, லினக்ஸ்காரங்க வெளியே. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அதுக்கு அடுத்த மாசம் லினக்ஸையே தடை பண்ணிட்டாங்க. வேலரன்ட், ஃபோர்ட்நைட் ரெண்டும் முதல்ல இருந்தே கிடையாது. காசு கொடுத்து வாங்கி, நூறு மணி நேரம் ஆடின விளையாட்டு ஒரு அப்டேட்ல கதவைச் சாத்தும். ஆர்ச்சைத் தாண்டி தண்ணி வந்தா குளிக்கத் தடை போடற மாதிரி. என்ன ஒண்ணு, குற்றாலத்துல தண்ணி வடிஞ்சா திறந்துருவாங்க.

"அப்ப அந்த ஒண்ணை விட்டுறேன்ல, நாலு ஓடுதே"ன்னு தம்பிகிட்ட சொல்ல வாயெடுத்தேன். சொல்லல. ஏன்னு சொல்றேன்.

நாங்க காலேஜ்ல நாலு பேர். இப்ப ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் துபாய், ஒருத்தன் கோயம்புத்தூர், நான் சென்னை. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு சுடுற விளையாட்டுல சேருவோம். விளையாட்டுன்னு பேருதான். பாதி நேரம் மேனேஜரைத் திட்டுறதும் வீட்டுக் கதையும்தான். ஒரு நாள் அந்த விளையாட்டுக்குப் புதுக் காவல்காரன் வந்தான். என் லினக்ஸ்ல ஓடல. மத்த மூணு பேரும் "ஒரு விண்டோஸ் போட்டுக்கோடா"ன்னாங்க. நான் பெரிய கொள்கை வீரன் மாதிரி, "என் கெர்னலுக்குள்ள எவனும் உக்கார முடியாது"ன்னு வசனம் பேசிட்டு வெளியே வந்தேன்.

கொள்கையில இப்பவும் தப்பு இல்லைன்னுதான் நினைக்கிறேன். ஆனா மூணு மாசம் கழிச்சு, கோயம்புத்தூர்க்காரனோட அப்பாவுக்கு பைபாஸ் ஆப்பரேஷன் நடந்து, வீட்டுக்கே வந்துட்டாருன்னு வேற யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. போன் பண்ணி, "ஏண்டா சொல்லல?"ன்னேன். "சனிக்கிழமை பேசிட்டு இருந்தப்ப சொன்னேன்டா, நீதான் வர்றதில்லையே"ன்னான். அவன் கோவமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னான். அதான் உறைச்சுது.

ஒரு விளையாட்டை விடறதுங்கறது சில சமயம் விளையாட்டை மட்டும் விடறது இல்லை. அந்தச் செலவை நான் கணக்குலயே சேர்க்கல. "ஓடலைன்னா ஆடாதே, போ"ன்னு சொல்ற ஒவ்வொரு லினக்ஸ்காரரும் இதைக் கணக்குல சேர்க்கணும். பத்தொன்பது வயசுப் பையனுக்கு ராத்திரி ஒம்பது மணி செட்டுங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு நமக்கு மறந்து போச்சு.

அதுக்காக, "அப்ப விண்டோஸே வச்சுக்கோ"ன்னும் சொல்ல முடியாது. தம்பி லேப்டாப்பைத் திறந்து பார்த்தா, வித்த கடையில கிராக் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்காங்க. வைரஸ் காவலை நிரந்தரமா அணைச்சு வச்சிருக்கு, கிராக் வேலை செய்யணும்ல. அதே மெஷின்லதான் காலேஜ் ஃபீஸ் கட்டுறான். சித்தியோட குழுக் கணக்கை எக்செல்ல போட்டு வைக்கிறான், அவங்க பேங்க் லாகின் ப்ரௌசர்லயே சேமிச்சு வச்சிருக்கு. பதினஞ்சு பொம்பளைங்களோட சேமிப்புக் கணக்கு, பூட்டு உடைஞ்ச வீட்டுல. இனிமே செக்யூரிட்டி அப்டேட்டும் வராது. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

கடைசியா செஞ்சது இதுதான். தென்காசியில ரெண்டாயிரத்துக்குள்ள ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினேன். அதுல லினக்ஸ் மின்ட். படிப்பு, ஃபீஸ், குழுக் கணக்கு, பேங்க், அந்த நாலு விளையாட்டு எல்லாம் அதுலதான். பழைய ஹார்ட் டிஸ்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்துல கேடி வச்சு மாட்டினேன். அதை மொத்தமா அழிச்சு, மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து இறக்கின ஒரிஜினல் விண்டோஸ் 10 போட்டேன். மெஷினோட பயாஸ்லயே அசல் சாவி இருந்திருக்கு, தானா ஆக்டிவேட் ஆயிருச்சு. கடைக்காரர் எதுக்கு கிராக் போட்டார்னு அந்த காசி விஸ்வநாதருக்குத்தான் வெளிச்சம். 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு இருக்கு, அதையும் பதிஞ்சு விட்டேன். அந்த விண்டோஸ்ல ஒரே ஒரு விளையாட்டு. பேங்க் இல்லை, மெயில் இல்லை, ஒரு போட்டோ கூட இல்லை. லினக்ஸ் டிஸ்கையும் முழுசா என்கிரிப்ட் பண்ணிட்டேன். காவல்காரன் எங்க வேணா உக்காரட்டும், பக்கத்து அறை பூட்டியிருக்கு.

ரெண்டையும் ஒரே டிஸ்க்ல வைக்காதீங்க. இதை அனுபவிச்சு சொல்றேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கறதுக்கு முந்தின ராத்திரி கறுப்பு ஸ்க்ரீன்ல "கிரப் ரெஸ்க்யூ" பார்த்தவன் நான். தனித்தனி டிஸ்க், ஆன் பண்ணும்போது எஃப்12 அழுத்தித் தேர்ந்தெடுத்துக்கலாம், ஒண்ணு மேல ஒண்ணு கை வைக்காது.

இதுல எனக்கு நூறு சதவீதம் திருப்தியான்னா, இல்லை. ஸ்டீமே கட்டற்ற மென்பொருள் கிடையாது. விண்டோஸும் வீட்டை விட்டுப் போகல. ஒரு வருஷம் கழிச்சு இதே கேள்வி திரும்ப வரும். ஆனா அதுக்குள்ள அந்தப் பையன் மூணாம் வருஷம் முடிச்சிருப்பான். நாள் முழுக்க லினக்ஸ்ல இருந்து பழகியிருப்பான். அஞ்சாவது விளையாட்டே அவனுக்கு அலுத்திருக்கலாம், அலுக்காமலும் போகலாம். முடிவை அவன் எடுக்கட்டும். நான் பாஸ் லினக்ஸை அழிச்ச மாதிரி ஒரே வாரத்துல அழிக்காம இருந்தா அதுவே எனக்கு வெற்றி.

கிளம்புறதுக்கு முந்தின நாள், எல்லாம் சரியா ஓடுதான்னு பார்க்க என் கணக்குல இருந்த வெண்பாவை லினக்ஸ்ல போட்டேன். தெரியாதவங்களுக்கு: 2023-ல் டொராண்டோவுல இருக்கற விசை கேம்ஸ் செஞ்ச விளையாட்டு. கனடாவுக்குக் குடியேறின ஒரு தமிழ் அம்மா, கிழிஞ்சு போன சமையல் குறிப்பு நோட்டை வச்சுக்கிட்டு சமைக்கற கதை. 2024-ல் பாஃப்டாவுல அறிமுக விளையாட்டுக்கான விருது வாங்கினது. ஸ்டீம்ல விண்டோஸுக்கு வந்ததுதான், புரோட்டான் வழியா ஒரு உறுத்தலும் இல்லாம ஓடுச்சு. முதல் சமையலே இட்லி. தட்டை எப்படி அடுக்கணும்னு கண்டுபிடிக்கணும்.

பீடித் தட்டை மடியில வச்சுக்கிட்டு சித்தி எட்டிப் பார்த்தாங்க.

"என்னய்யா இது, இட்லி அவிக்கறதா விளையாட்டு?"

"ஆமா சித்தி."

கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நான் தட்டைத் தப்பா அடுக்கிட்டேன் போல.

"தள்ளு"ன்னு சொல்லி, இலைத் தூளு ஒட்டியிருந்த கையைச் சேலையில துடைச்சுட்டு, மௌஸை வாங்கிக்கிட்டாங்க.

அது விண்டோஸா லினக்ஸான்னு அவங்க கேக்கவே இல்லை.

வர்ட்டா...

டிஸ்கி: உங்க அஞ்சு விளையாட்டை எழுதிட்டு வாங்க, எது ஓடும்னு சொல்றேன். "எந்த டிஸ்ட்ரோ பெஸ்ட்?"னு யாராவது கேட்டீங்கன்னா பிரானூர் பார்டர்ல என் கணக்குல இருந்து பரோட்டா கட்!